லேசான கை

காலையில் ரப்பர்ப் பால் ஸ்டோருக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் அவரைப் பார்த்த நாட்கள் எத்தனையோ. இப்போது அவையெல்லாம் சேர்ந்து ஒரே நாளாகத்தான் ஞாபகத்தில் நிற்கின்றன. ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் மலையில் வெளிச்சம் மேலேயிருந்து இறங்கி வருவதில்லை. தரையில் கிடக்கும் பனிமூட்டம்தான் முதலில் வெளுக்கும். அதற்குள் மரங்கள் அடியே இல்லாமல் வரிசையாக மிதக்கும். அந்த வெள்ளைக்குள், பால் வெட்ட ஒதுக்கிய தன் பங்கு மரங்களில் முதல் மரத்துக்கு முன்னால், அவர் நிற்பார். இடுப்பில் சாக்குத் துண்டு. இடது கையில் பால் வெட்டும் கத்தி. வலது உள்ளங்கையைப் பட்டைமேல் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே, அசையாமல் நிற்பார்.

சில நாள் அரை நிமிடம். சில நாள் நான் வளைவு திரும்பி மறையும்வரை அப்படியே நிற்பார். பக்கத்துப் பங்கில் வெட்டுகிறவர்கள் அதற்குள் பத்து மரம் முடித்திருப்பார்கள்.

“அவ மரத்துகிட்ட பேசுறா,” என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சொன்னார்கள். “சபைக்குப் போனதுல இருந்து இப்படித்தான். மண்டைக்கு ஏறிருச்சு.”

சபையில் வேறு மாதிரிச் சொன்னோம். பழைய வழக்கம் இன்னும் விடவில்லை, மரத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார் என்றோம். அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவன் நான்தான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நான் அந்தத் தோட்டத்துப் பால் ஸ்டோரில் கிளாக்கர். அதே லயத்தில் பிறந்து, ஓ.எல். பரீட்சையில் சித்தியடைந்து, பேனையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்ட முதல் ஆள். பால் வெட்டுகிறவர்கள் முற்பகலில் வாளிகளைச் சுமந்து வருவார்கள். நான் ஒவ்வொரு வாளியின் பாலையும் நிறுத்து, அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விட்டுப் பார்ப்பேன். அதற்கு ஏதோ ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. யார் வாயிலும் அது நிற்காததால் எல்லாரும் ‘கண்ணாடி’ என்றே சொன்னோம். ரப்பர் தண்ணீரைவிட லேசு என்பதால், பால் கெட்டியாக இருந்தால் கண்ணாடி அமிழும். தண்ணீர் கலந்திருந்தால் எழும்பி நிற்கும். நிறைக்காக வாளியில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு. அதைப் பிடிக்கத்தான் கண்ணாடி.

ஸ்டோரில் நான் ஐயா. சபையில் பிரதர். பாட்டு நடத்துவது நான், வசனம் சொல்லிக் கொடுப்பது நான், உபவாச ஜெபத்துக்குப் பெயர் எழுதுவது நான். எங்கள் சபை என்பது, முன்பு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட ஒரு பழைய கட்டிடம். சுவரை எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் அந்தப் புகை மணம் திரும்பி வரும். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனால் நம் சட்டையிலும் அந்த மணம் வரும். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவிசாவளையிலிருந்து போதகர் வருவார். மற்ற நாட்களில் சபை என் தோளில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. முப்பதைத் தாண்டியிருப்போம். இன்றைக்கு ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு ஸ்டோரில் ‘நீ’, சபையில் ‘சிஸ்டர்’. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி இருப்பது எனக்குத் தெரியவே இல்லை.

வேறொரு தோட்டத்திலிருந்து கலியாணமாகி வந்தவர். வந்த புதிதில் அவருடைய வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. மாமியாரோடு ஒரே அடுப்பில் சமைத்த காலத்தில், அந்தச் சண்டையைக் கேட்டுத்தான் பக்கத்து லயத்தில் நேரம் தெரிந்துகொள்வார்கள் என்று சொல்வதுண்டு. அகப்பை பறக்கும். ஒருமுறை இரும்புச் சட்டியும் பறந்தது. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக நடந்து வந்து எங்கள் பாயில் கடைசியாக உட்கார்ந்தபோது, எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்தக் குரல் ஒன்று போதும், அல்லேலூயா சொன்னால் கூரைத் தகரம் அதிரும் என்று நினைத்தேன்.

குரல் வரவில்லை. பாட்டுக்கு உதடு மட்டும் அசையும். உபவாச ஜெபத்தில் பாட்டு முடியுமுன்னே தூங்கி விழுவார். விடியுமுன் எழும்பி மலை ஏறி இறங்கிய உடம்பு வேறென்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆவி வந்தவர்கள் பேசும் அந்நிய பாஷை வரவில்லை. வசனம் மனப்பாடம் ஆகவில்லை. சத்தமாக ஜெபிக்கச் சொன்னால், ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து ஒரே ஜெபம்தான்.

“ஆண்டவரே, என் கையை லேசாக்குங்க. ஆமென்.”

அவ்வளவுதான். கத்தி பிடித்துப் பிடித்துக் கையில் வலி என்றே நாங்கள் எல்லாரும் நினைத்தோம். போதகர் ஒருநாள் மனமிரங்கி அவருடைய மணிக்கட்டில் எண்ணெய் பூசி ஜெபித்தார். அவரும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அடுத்த வாரமும் அதே ஜெபம். எண்ணெய் கேட்கவில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம்.

எங்கள் சபையில் புதிதாக வந்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். எப்படி இருந்தேன், ஆண்டவர் எப்படி மாற்றினார் என்று எல்லாருக்கும் முன்னால் எழுந்து சொல்வது. சட்டி எறிந்த கதையை அவர் தன் வாயால் சொன்னால் எத்தனை பேர் மனந்திரும்புவார்கள் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் கேட்பேன்.

“இன்னும் முடியலீங்க பிரதர்,” என்பார்.

“என்ன சிஸ்டர் முடியல? ஆண்டவர் ஒங்கள மாத்துனாரா இல்லையா?”

“மாத்துறாருங்க,” என்பார். உடனே பாயைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்.

அவருடைய வீட்டுக்காரர் கடைசிவரை சபைக்கு வரவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவில் தப்பு மேளம் அடிக்கிறவர்களில் அவர் முக்கியமான ஆள். திருவிழாவுக்கு முதல் நாள் அவருடைய மஞ்சள் வேட்டியை இவர் பைப்படியில் வைத்துக் கல்லில் அடித்துத் துவைப்பதைச் சபைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். விசாரிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

“சிஸ்டர், அது படையலுக்குக் கட்டிட்டுப் போற வேட்டி. அத நீங்க தொவைக்கலாமா?”

வேட்டியைக் கல்லில் புரட்டிப் போட்டார். “அழுக்கு அழுக்குதானுங்களே,” என்றார்.

இதையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன். பெண்கள் ஜெபக்குழுவுக்குத் தலைவி வேண்டும் என்று போதகர் கேட்டபோது, வயதான ஒரு அம்மா இவருடைய பெயரைச் சொன்னார். நான் உடனே மறுத்தேன். “ஐயா, அவங்க நல்ல ஆளுதான். ஆனா ஆவிக்குரிய வளர்ச்சி பத்தாது,” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் தட்டிக்குப் பின்னால் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தது அவர் என்று தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். போதகருக்குக் கொடுத்தார். எனக்குக் கொடுக்க வந்தவர் ஒரு கணம் நின்று, தட்டைக் கீழே வைத்துவிட்டு, வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்துதான் கோப்பையை நீட்டினார். தேநீர் ஆறியிருந்தது. அதற்கும் நான் மனதுக்குள் குறை சொன்னேன்.

அவரைப் பற்றி லயத்தில் ஒரு கேலி உண்டு. “அவகிட்ட காலையில சண்டை போட்டா, பதிலு பின்னேரந்தான் வரும்.” பைப்படியில் ஒரு பெண் அவருடைய குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்டபடி ஏசியிருக்கிறாள். இவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். பின்னேரம், அந்தப் பெண் விறகு பிளந்துகொண்டிருக்கும்போது போய் நின்று, “காலையில எனக்கு முந்தி நீ வந்திருந்தா ஒனக்குத்தான் முதல் தண்ணி. ஆனா நாந்தான் முந்தி வந்தேன். அதச் சொல்லத்தான் வந்தேன்,” என்றாராம். சண்டையை மறந்தே போயிருந்த அந்தப் பெண்ணுக்கு, தூக்கிய கோடரி கையிலேயே நின்றுவிட்டது. அந்தக் கதையை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இவையெல்லாம் ஒன்றோடொன்று சேர்கிறவை என்று எனக்குப் புரிவதற்கு நான் ஒரு பெரிய தப்புச் செய்ய வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைப்பது என் கடமை. கழுவாவிட்டால் பால் அதன்மேல் ஆடையாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கண்ணாடி லேசாகி, நல்ல பாலில்கூட எழும்பி நிற்கும். அதை நம்பினால் எல்லாப் பாலும் தண்ணீராகத் தெரியும். எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் அன்றைக்குப் பாட்டு தொடங்க நேரமாகிவிட்டது. ஆண்டவருடைய வேலைக்குத்தானே ஓடுகிறேன் என்று கண்ணாடியை அப்படியே பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓடினேன்.

மறுநாள் சனிக்கிழமை. முதல் வாளியிலேயே கண்ணாடி எழும்பி நின்றது. இரண்டாவதிலும் அப்படித்தான். மூன்றாவதிலும். முந்திய நாள் பின்னேரம் மழை தூறியதால் பால் வடியும் சிரட்டைகளில் தண்ணீர் விழுந்திருக்கும் என்று அவர்களை விட்டுவிட்டேன். அவர்கள் எப்போதும் கொஞ்சம் ஊற்றுகிறவர்கள்தான், இவர்களிடம் வேறென்ன எதிர்பார்ப்பது என்றும் நினைத்தேன். பிறகு அவருடைய வாளி வந்தது. கண்ணாடி எழும்பி நின்றது. அவரிடம் மட்டும் எனக்கு மழை ஞாபகம் வரவில்லை.

“சபைக்கு வர்ற நீயே தண்ணி ஊத்துறியா?” என்றேன். வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். “ஞாயித்துக்கிழமை பாயில ஒக்காந்து கண்ண மூடிக்கிட்டா போதுமா? ஒன்னால ஆண்டவருக்கே வெக்கம்.”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வலது உள்ளங்கையை வாளியின் விளிம்பில் வைத்தார். மலையில் மரத்தின்மேல் வைப்பது போலவே வைத்தார்.  பயத்தில் வாளியைப் பிடித்துக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

“நாளைக்குப் பேசுவோங்க ஐயா,” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஃபீல்ட் ஒபிசர் உள்ளே வந்தார். சிங்களவர். ஐயா என்ற பொருளில் அவரை மாத்தயா என்போம். கோபக்காரர் இல்லை. ஆனால் ஊரே கேட்கக் கத்தியதைக் கேட்காதது போல இருக்க அவராலும் முடியாது.

“மொகத மே? என்ன இது, தண்ணியா?” என்றார்.

“ஆமாங்க மாத்தயா,” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். “ஹரி, சரி. திங்கக்கிழமையில இருந்து புல்லு வெட்டப் போகச் சொல்லு. அந்தப் பங்கு வேற ஆளுக்கு.”

அப்போதுதான் அவருடைய முகம் மாறியது. ஏச்சுக்கு மாறாத முகம், மரங்களை எடுத்துவிட்டார்கள் என்றதும் இரத்தம் வடிந்ததுபோல வெளுத்தது. பதினோரு வருடமாக அவர் மட்டுமே தொட்ட மரங்கள் அவை. வாளியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் கண்ணாடியைக் கழுவ எடுத்தேன். விரலில் மெல்லிய தோல் ஒன்று உரிந்து வந்தது. உரிக்க உரிக்கக் குழாய் முழுக்க வந்தது. குழாயைக் கழுவி, மிஞ்சியிருந்த பாலில் விட்டேன். நேராக, ஆழமாக அமிழ்ந்தது. அந்த உரித்த தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே காய்ந்த ரப்பர்க் காய்கள் வெடித்து விதைகள் தகரத்தில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

உடனே மாத்தயாவிடம் போயிருக்கலாம். அவருடைய பங்களா ஒரு கட்டை, அதாவது ஒரு மைல் தூரம்கூட இல்லை. போகவில்லை. அந்தத் தோலைச் சுருட்டி, மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலைச் சேர்க்கும் சாக்குக்குள் போட்டேன்.

மறுநாள் சபையில் போதகர் சொன்னார்: அடுத்த ஞாயிறு தன்னால் வர முடியாது, பிரதர் பிரசங்கம் செய்வார். எத்தனை வருடமாக நான் காத்திருந்த நாள். தலைப்பும் அவரே கொடுத்தார். விசுவாச வாழ்க்கையில் வளர்ச்சி. குழந்தையாகவே இருந்துவிடாமல் முதிர்ச்சி அடைவது. இப்போது போய்க் கண்ணாடிக் கதையைச் சொன்னால் அந்த மேடை போய்விடும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. பிரசங்கம் முடிந்தபிறகு சொல்லலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த எட்டு நாளும் ஏதோ கனவுக்குள் நடப்பது போலத்தான் இருந்தது. காலையில் அதே குறுக்குப் பாதை, அதே வெள்ளை மூட்டம். முதல் மரத்தின் முன்னால் வேறொருவன் நிற்பான். நிற்பதுகூட இல்லை, கத்தியை வைத்து இழுத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓடுவான். கத்தி ஆழமாகப் போகும் சத்தம் பாதைவரை கேட்கும். எதிரே அவர் புல்வெட்டும் கத்தியோடு போவார். ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்து, “தோத்திரங்க,” என்று சபை வழக்கப்படி வணக்கம் சொல்வார்.  நானும் தோத்திரம் சொல்வேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன்.

பிரசங்கம் நன்றாகத்தான் இருந்தது. குழந்தைக்குப் பாலும், வளர்ந்தவனுக்குப் பலமான ஆகாரமும் என்று பேசினேன். பால் ஸ்டோர்காரன் பாலைப் பற்றித்தானே பேசுவான் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். ஆமென் வந்தது, கண்ணீர் வந்தது. அவர் கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை தூங்கவில்லை. உள்ளங்கையைத் தரையில் பதித்துக்கொண்டு, நான் பேசி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போனபிறகு பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

“சிஸ்டர், அன்னைக்கி... கண்ணாடியில பால் காஞ்சு ஒட்டியிருந்திச்சு. நாந்தான் கழுவல. ஒங்க பால்ல ஒரு குறையும் இல்ல. என்னைய மன்னிச்சிருங்க.”

“தெரியுங்க,” என்றார்.

“தெரியுமா?”

“நீங்க தூக்கிப் புடிச்சப்பவே பாத்தேன். ஓரமா தோலு தொங்கிச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

பாயைச் சுவரில் சாய்த்தார். “என் கை சரியில்லீங்க. வாளி மேல வச்சுப் பாத்தேன், கனமா இருந்திச்சு. அந்தக் கையோட பேசியிருந்தா ஒங்களப் பத்தி இல்லாததெல்லாம் சேத்துப் பேசியிருப்பேன். ஒங்க ஆத்தா அப்பனையும் விட்டிருக்க மாட்டேன்.” இன்னொரு பாயை எடுத்துச் சுருட்டினார். “அடுத்த நாளு பேசலாமுன்னு இருந்தேன். அதுக்குள்ள ஒங்களுக்கே தெரிஞ்சிருச்சுன்னு மொகத்துல பாத்தேன். சரி, ஒங்க வாயாலயே வரட்டும்னு விட்டேன்.”

“மன்னிச்சிட்டீங்களா?”

ஆமாம் என்பார் என்றே எதிர்பார்த்தேன். எங்கள் சபையில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது.

“இன்னும் முழுசா வரலீங்க,” என்றார். “வாய்ல சொல்லிறலாம். பொய்யாயிரும். தெனமும் தோத்திரம் சொல்லிப் பாக்குறேன், ஒரு நாளு லேசா வருது, ஒரு நாளு அடைக்குது.”

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஆனால் அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை நின்றதா என்று கேட்டவருக்கு இன்னும் தூறுகிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

“நான் என்ன செய்யணும்?” என்றேன்.

“என்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத்தான் தெரியுமே. மாத்தயாவுக்குத் தெரியாது. அந்த வரிசையில நின்னவங்களுக்குத் தெரியாது.” பிறகு அவருடைய குரல் உடைந்தது. “அந்தப் பய மரத்தைக் கொல்லுறான் பிரதர். நான் புல்லு வெட்டுற எடத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன்.”

திங்கட்கிழமை வாளிகள் வரிசைக்கு வந்த நேரத்தில், மாத்தயாவை நிற்கச் சொல்லி, எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். ஜெபத்துக்கு ஓடியதையும் சொன்னேன். எட்டு நாள் மறைத்ததையும் சொன்னேன். ஒருவன் அடக்க முடியாமல் சிரித்தான். இன்னொருத்தி, “ஐயோ பவ், பாவம் அந்த மனுசி,” என்றாள். மாத்தயா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “பிஸ்ஸுத?” என்றார். எனக்குப் பைத்தியமா என்று கேட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்குப் பங்கு திரும்பியது. சபையில் பாட்டு நடத்துவதை நானாகவே நிறுத்திக்கொண்டேன். போதகர் தடுக்கவில்லை. பெண்கள் குழுவுக்கு அவரைத் தலைவியாக்கச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார், எழுதப் படிக்கத் தெரிந்த வேறொருவரைக் கைகாட்டினார்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில், மரங்கள் இலை உதிர்க்கும் மாதத்தில், மலை முழுவதும் சிவந்து பிறகு வெறுமையாகி நின்றது. பால் குறைந்த காலம். மரங்களுக்குப் புது எண் அடிக்க என்னை அனுப்பினார்கள். அவருடைய பங்கில் நான் பெயிண்ட் வாளியோடு போனபோது அவர் சிரட்டை துடைத்துக்கொண்டிருந்தார். காய்ந்த இலைகள் முழங்கால்வரை கிடந்தன. நடந்தால் எங்கோ தூரத்தில் மழை பெய்வது போலக் கேட்டது.

“இங்க வாங்க,” என்றார். முதல் மரத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பக்கத்துப் பட்டையில் வெட்டி முடித்து ஆண்டுகள் ஆகியிருந்தன. புதுப்பட்டை வளர்ந்திருந்தது. ஆனால் வளர்ந்த இடமெல்லாம் முடிச்சு. கத்தி ஆழமாகப் போய் மரத்தின் சதையைத் தொட்டால், ஆறும்போது அந்த இடம் இப்படிக் கட்டியாகிவிடும். என் கையைப் பிடிக்காமல், தன் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

“இந்தப் பங்கு குடுத்தப்போ எனக்கு இருபது வயசு. இது மாமியா என் தாலிய இழுத்த நாளு. இது அவரு குடிச்சிட்டு வந்த மாசம். இது எதுக்குன்னே ஞாபகம் இல்ல. வீட்ல இருக்கிற கோவமெல்லாம் கையில ஏறி வந்திரும். இதுங்க என்ன செஞ்சிச்சு பாவம்?”

முன்பக்கத்துக்கு வந்தார். வெட்டு மேலிருந்து கீழாகத்தான் இறங்கும். மேலே இருப்பது பழைய வருடம், கீழே வர வர அண்மையது. மேலே ஒரு சாண் அளவுக்கு முடிச்சுகள். பிறகு இரண்டு மூன்று. பிறகு வெகு தூரத்துக்கு ஒன்றும் இல்லை. பட்டை குழந்தையின் கன்னம் போல இருந்தது.

“ஒரே நாள்ல ஆண்டவரு மாத்துனாருன்னு சாட்சி சொல்லச் சொன்னீங்களே. எப்படிங்க சொல்றது? பாருங்க, எத்தனை வருசமுன்னு.”

 எண்ணெய் பூசிய மணிக்கட்டும், ஆறிய தேநீரும், பின்னேரம் வந்த பதிலும், காலை மூட்டத்தில் பட்டைமேல் கிடந்த உள்ளங்கையும் ஒவ்வொன்றாக வந்து என் முன்னால் நின்றன. நான் மனப்பாட வசனத்தை வைத்து அளந்துகொண்டிருந்த ஆளின் வளர்ச்சி, தினமும் நான் நடந்து போன பாதையோரத்தில் மரம் மரமாக எழுதியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கீழே, இடுப்பளவுக்கும் தாழ்வில், புதுக் காயங்கள் இருந்தன. அந்தப் பையன் ஒரு வாரத்தில் போட்டவை வரிசையாக இருந்தன. ஒன்று மட்டும் அவற்றுக்குச் சற்றுக் கீழே, தனியாக, ஆழமாக இருந்தது.

“இது அவன் போட்டதில்ல,” என்றார். “பங்கு திரும்பிக் கெடச்ச அன்னைக்கி நான் போட்டது. கைய வச்சுப் பாத்தேன், லேசாயிருச்சுன்னு நெனச்சேன். ஆகல.” என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஐயா என்றும் சொல்லவில்லை, பிரதர் என்றும் சொல்லவில்லை. “இது ஒங்களுக்குத்தாண்ணே.”

“ஆறிருமா?”

“பட்டை வளந்திரும். கட்டி இருக்கும்,” என்றார். பிறகு சிரித்தார். “நானும் ஒங்கள மாதிரிதாண்ணே, இன்னும் வளரல. மெதுவா வருவோம்.”

அதற்குப் பிறகு நான்கைந்து வருடம்தான் அவர் அங்கே இருந்தார். வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருந்தது. றக்வானயில் கட்டிக்கொடுத்த மகள் இருவரையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். புறப்படும் ஞாயிறு போதகர் கடைசியாக ஒரு சாட்சி கேட்டார். எழுந்து நின்று, “ஆண்டவரே, என் கையை லேசாக்குங்க,” என்றுவிட்டு உட்கார்ந்தார். இந்த முறை யாருக்கும் எண்ணெய் ஞாபகம் வரவில்லை. வாசலில் என்னிடம் தோத்திரம் சொன்னார். லேசாக வந்தது. எனக்கு அது தெரிந்தது.

பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. சபைக்கு இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலையில் வசனம் நானே போடுகிறேன், ஒன்றே ஒன்று. கண்ணாடியைத் தினமும் இரண்டு தடவை கழுவுகிறேன்.

போன மாதம் அந்தப் பங்கு வழியாக இறங்கும்போது, இப்போது அங்கே வெட்டும் பெண் முதல் மரத்தின் முன்னால் கத்தியோடு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காயம் இருந்த முன்பக்கத்துப் பட்டை முடிந்து, பின்பக்கம் முடிந்து, வெட்டு திரும்பவும் முன்பக்கத்துக்கு வந்து இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது.

“பாருங்கையா, கத்தி தட்டுது. யாரோ வெட்டத் தெரியாத பொம்பள இருந்திருக்கா இங்க.”

அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. கேட்கவும் இல்லை. நான் குனிந்து உள்ளங்கையை அந்த முடிச்சின்மேல் வைத்தேன். பட்டைக்கு உள்ளே ஒரு ரப்பர் விதை அளவுக்கு, கெட்டியாக இருந்தது.

“இந்த மலையிலயே அவங்கள மாதிரி வெட்டுனவங்க இல்ல,” என்றேன். “கைதான் அவங்களது. காயம் நான் போட்டது.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஏன், எப்படி என்று கேட்டாள். வேலைக்கு நேரமாகியிருந்தது. இருந்தாலும் நின்று, கழுவாத கண்ணாடியில் தொடங்கி முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் கத்தியை எடுத்தாள். முடிச்சுக்கு வந்ததும் பிடியைத் தளர்த்தி, அதைச் சுற்றி மெதுவாக இழுத்தாள். பால் முடிச்சைச் சுற்றி வளைந்து, வெட்டின் வழியே இறங்கி, சிரட்டைக்குள் சொட்டத் தொடங்கியது.